வீட்டுக்குள் செடி வளர்க்க விளக்கு: நிறம், அளவு, நேரம் – புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

வீட்டுக்குள் நாற்று விட, கீரை வளர்க்க, வெயில் எட்டாத மூலையில் ஒரு செடியைத் தேற்றிவைக்க விளக்கு தேடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் இதில் இறங்கியபோது தகவலுக்குப் பஞ்சமே இல்லை. ஒருவர் சொன்னதை இன்னொருவர் மறுத்ததுதான் தலைவலி. ஊதா விளக்குதான் செடிக்கு உகந்தது என்றார் ஒருவர், பச்சை ஒளி சுத்த வீண் என்றார் இன்னொருவர், வீட்டு பல்பே போதும் என்றார் மூன்றாமவர். விளக்குப் பெட்டியைத் திருப்பிப் பார்த்தால் அதில் போட்டிருந்த எண்கள் எதற்கும் உதவவில்லை. எதை முதலில் முடிவு செய்வது, எதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்ற வரிசை தெரிந்திருந்தால் பாதி அலைச்சல் மிச்சமாகியிருக்கும். அந்த வரிசை இதோ.

1. விளக்குக்கு முன் செடியை முடிவு செய்யுங்கள்

என்ன வளர்க்கப் போகிறீர்கள், எவ்வளவு இடத்தில் என்று முதலில் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். இந்த இரண்டும் தெரியாமல் விளக்குப் பார்ப்பது வீண் வேலை.

ஒளியை இரண்டு விதமாக அளக்கிறார்கள். மழையை நினைத்துக்கொள்ளுங்கள்: இந்த நொடியில் எவ்வளவு கொட்டுகிறது என்பது ஒன்று, நாள் முழுக்க மொத்தம் எவ்வளவு பெய்தது என்பது இன்னொன்று. முதலாவதற்குப் பெயர் பிபிஎஃப்டி. ஒரு சதுர மீட்டரில் ஒரு நொடியில் விழும், ஒளிச்சேர்க்கைக்கு உதவும் ஃபோட்டான்களை, அதாவது ஒளித்துகள்களை, மைக்ரோமோல் என்ற எண்ணிக்கை அலகில் சொல்வது. இரண்டாவதற்குப் பெயர் டிஎல்ஐ. நாள் முழுக்கச் சேர்ந்த தொகை, மோல் கணக்கில் (பத்து லட்சம் மைக்ரோமோல் ஒரு மோல்).

பிபிஎஃப்டியை விளக்கு எரியும் மணி நேரத்தால் பெருக்கி, அதை 0.0036-ஆல் பெருக்கினால் டிஎல்ஐ வந்துவிடும். 200 மைக்ரோமோல் ஒளியை 16 மணி நேரம் கொடுத்தால் 200 × 16 × 0.0036, அதாவது ஏறக்குறைய 11.5 மோல்.

நிழல் தாங்கும் அலங்காரச் செடிகளுக்கு 2 முதல் 6 மோல் போதும். நாற்றுகளுக்கு 8 முதல் 12 வரை வைத்துக்கொள்ளலாம். லெட்யூஸ், மற்ற இலைக் கீரைகளுக்கு 12 முதல் 17. தக்காளி, மிளகாய் போலக் காய்ப்பவற்றுக்கு 20-க்கு மேல் வேண்டும். காய்க்கும் செடியை முழுக்க முழுக்க விளக்கிலேயே வளர்க்க ஆசைப்படுகிறவர்களிடம் நான் சொல்வது, முதல் முறை வேண்டாம். கீரையில் கை பழகட்டும்.

வீட்டில் ஏற்கெனவே விளக்கு எரிகிறதே என்று தோன்றலாம். நல்ல வெளிச்சமான மேசையில் 500 லக்ஸ் (நம் கண்ணுக்கான வெளிச்ச அளவு) இருக்கும். வெள்ளை எல்.ஈ.டி ஒளியில் அது சுமார் 7 மைக்ரோமோல். 12 மணி நேரம் எரிந்தாலும் மொத்தம் 0.3 மோல்தான் தேறும். நம் கண் மங்கலுக்கு ஏற்பத் தன்னைச் சரிசெய்துகொள்வதால் அறை பளிச்சென்று தெரிகிறது. செடிக்கு அது பட்டினி.

2. ஒவ்வொரு நிறமும் செடியிடம் என்ன செய்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

பலரும் தாண்டிப் போகும் இடம் இது. நீங்கள் தாண்டாதீர்கள். ஒளி செடிக்கு உணவு தயாரிக்க உதவுவதோடு நிற்பதில்லை. தான் எங்கே நிற்கிறோம், பக்கத்தில் யார், மேலே யார், இப்போது பகலா இரவா என்பதையெல்லாம் செடி ஒளியின் நிறத்தைக் கொண்டுதான் கண்டுபிடிக்கிறது. அதற்காகவே தனித்தனி உணர்விகள் வைத்திருக்கிறது. ஒரே அளவு ஒளியை வேறு வேறு நிறக் கலவையில் கொடுத்தால் ஒரே விதையிலிருந்து குட்டையான செடியும் வரும், நெடுநெடுவென்ற செடியும் வரும்.

நீலம், 400 முதல் 500 நானோமீட்டர் வரை (ஒளியின் அலைநீளம்; ஒவ்வொரு நிறத்துக்கும் அது வேறு). தண்டை அடக்கி வைப்பது இதன் முக்கியமான வேலை. நீலம் போதுமான அளவு இருந்தால் கணுக்களுக்கு இடையே இடைவெளி குறையும், இலை தடிப்பாகும், செடி கட்டுக்கோப்பாக நிற்கும். இலைத்துளைகள் திறப்பதற்கும் நீலம் தூண்டுகோல். சன்னல் ஓரத் தொட்டியில் செடி வெளிச்சத்தை நோக்கி வளைகிறதே, அதைச் செய்வதும் நீலத்தை உணரும் ஃபோட்டோடிராபின்தான். வெளிச்சம் படாத பக்கத்துக்கு ஆக்சின் என்ற வளர்ச்சி ஹார்மோன் நகர்கிறது, அந்தப் பக்கம் கூடுதலாக நீள்கிறது, தண்டு சாய்கிறது. சிவப்பு விளக்கை மட்டும் பக்கவாட்டில் வைத்தால் பெரும்பாலும் இந்த வளைவு வராது. நீலத்தைக் கண்டபடி ஏற்றினாலும் தொல்லை உண்டு. இலைகள் சிறுத்துப்போகும், சிறிய இலை குறைவான ஒளியைத்தான் பிடிக்கும், மொத்த விளைச்சல் இறங்கிவிடும்.

சிவப்பு, 600 முதல் 700 வரை. ஒளிச்சேர்க்கைக்கு மிகவும் சிக்கனமானது. இதில் 660-ஐ ஒட்டிய ஆழ்ந்த சிவப்பு எல்.ஈ.டிகள் மின்சாரத்தையும் குறைவாகத்தான் குடிக்கின்றன. அதனால் சிவப்பை மட்டும் போட்டால் என்ன என்று தோன்றும். போட்டுப் பார்த்திருக்கிறார்கள். வெறும் சிவப்பில் வளர்ந்த வெள்ளரி இலைகளின் ஒளிச்சேர்க்கைத் திறன் படுத்துவிட்டது. கூட 7 சதவீதம் நீலம் சேர்த்ததும் அந்தத் திறன் ஏறக்குறைய இரட்டிப்பானது. வெறும் சிவப்பில் இலைகள் சுருளும், இலைத்துளைகள் சரியாக வேலை செய்யாது.

பச்சை, 500 முதல் 600 வரை. இலை பச்சையாகத் தெரிகிறது, ஆகவே பச்சை ஒளியை முழுக்கத் திருப்பி அனுப்பிவிடுகிறது என்ற பேச்சை நம்பாதீர்கள். சாதாரண இலை தன் மேல் விழும் பச்சையில் பெரும்பகுதியை உறிஞ்சிக்கொள்ளத்தான் செய்கிறது. நீலமும் சிவப்பும் இலையின் மேல் அடுக்கிலேயே தீர்ந்துபோகும். பச்சை உள்ளே ஆழமாகப் போய், கீழ் அடுக்குகளுக்கும், மேல் இலையைத் தாண்டி அடுத்த இலைக்கும் எட்டும். இலைகள் அடர்ந்த செடியில் இது சின்ன விஷயமில்லை.

தூரச்சிவப்பு, 700 முதல் 750 வரை. சிவப்புக்கும் அகச்சிவப்புக்கும் நடுவில் இருப்பது, நம் கண்ணுக்கு ஏறக்குறைய தெரியாது. இதில் நான் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் நாற்றுத் தட்டில் நடக்கும் பாதிக் கூத்துக்கு இதுதான் காரணம்.

இலை சிவப்பைத் தின்றுவிடும், தூரச்சிவப்பை ஊடுருவவும் தெறிக்கவும் விட்டுவிடும். அதனால் வெட்டவெளியில் சிவப்பும் தூரச்சிவப்பும் ஏறக்குறைய சமமாக இருக்கும். அடர்ந்த இலைகளின் அடியில் சிவப்பு, தூரச்சிவப்பில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குக்கூட இறங்கிவிடும். ஃபைட்டோகுரோம் என்ற உணர்வி இந்த விகிதத்தைப் படிக்கிறது. அதற்கு இரண்டு வடிவங்கள் உண்டு. 660-ஐ ஒட்டிய சிவப்பு பட்டால் ஒன்றாகும், 730-ஐ ஒட்டிய தூரச்சிவப்பு பட்டால் மற்றதாகத் திரும்பிவிடும். தூரச்சிவப்பு மிகுந்தால் மேலே யாரோ மறைக்கிறார்கள் என்று செடி முடிவு கட்டும். தண்டு நீளும், இலைக்காம்பு நீளும், இலைகள் மேல்நோக்கித் தூக்கிக்கொள்ளும், பக்கக் கிளை குறையும், சில செடிகள் அவசரமாகப் பூக்கவும் செய்யும்.

நாற்றுத் தட்டில் நெருக்கமாக முளைத்த நாற்றுகளைக் குனிந்து பாருங்கள். ஒன்றின் நிழல் இன்னொன்றின் மேல் இன்னும் விழவே இல்லை, ஆனாலும் நடுவில் இருப்பவை ஓரத்தில் இருப்பவற்றைவிட நெட்டையாக இருக்கும். பக்கத்து இலையில் பட்டுத் தெறிக்கும் தூரச்சிவப்பே அவற்றுக்குச் செய்தி சொல்லிவிடுகிறது. நிழல் வரும் முன்பே போட்டி தொடங்கிவிடுகிறது. வெயிலடியில் இருந்தாலும் இது நடக்கும். அந்த நிலையில் விளக்கைக் குறை சொல்லிப் பயனில்லை, நாற்றுகளுக்கு இடையே இடைவெளி விடுங்கள்.

வேறு சில செய்திகளும் இதே கணக்கில் வரும். ஒளி கேட்கும் லெட்யூஸ் ரகங்களின் விதை சிவப்பு பட்டால் முளைக்கும், உடனே தூரச்சிவப்பு பட்டால் அடங்கிவிடும். மாற்றி மாற்றிக் காட்டினால் கடைசியாகப் பட்டது எதுவோ அதற்குத்தான் பணியும். அந்த ரகங்களை மண்ணில் ஆழப் புதைக்காமல் மேலாக அழுத்திவிடச் சொல்வது இதனால்தான். பழைய குண்டு பல்பில் தூரச்சிவப்பு ஏராளம், அதன் கீழ் வளர்ந்த செடி நீண்டு தொங்கும். சாதாரண வெள்ளை எல்.ஈ.டியில் அது இல்லாத குறைதான், செடி கட்டையாக வளரும்.

புற ஊதாவைப் பற்றி ஒரு வரி போதும்: புதியவர்கள் தனியாகப் புற ஊதா விளக்கு வாங்க வேண்டாம். கண்ணுக்கும் தோலுக்கும் ஆபத்து, கிடைக்கும் பலன் சொற்பம்.

3. வெள்ளை விளக்கையே வாங்குங்கள்

இவ்வளவும் படித்தபின் எந்த நிறத்தை எந்த விகிதத்தில் கலப்பது என்று மண்டையை உடைத்துக்கொள்ளத் தேவையில்லை. வெள்ளை எல்.ஈ.டியில் நீலம், பச்சை, சிவப்பு மூன்றும் இருக்கின்றன. அடியில் நீல சில்லு, மேலே ஒளிரும் பூச்சு, அவ்வளவுதான் அதன் அமைப்பு. பெட்டியில் கெல்வின் கணக்கில் போட்டிருக்கும் நிற வெப்பநிலையை வைத்தே நீலம் எவ்வளவு என்று ஊகிக்கலாம். 2700 கெல்வின் மஞ்சள் கலந்த வெள்ளையில் சுமார் 10 சதவீதம், 4000-இல் சுமார் 20, 6500 கெல்வின் பளீர் வெள்ளையில் 30-ஐ நெருங்கும்.

நாற்றுக்கும் கீரைக்கும் 3500 முதல் 4000 கெல்வின் வரையிலான வெள்ளை, அதோடு கொஞ்சம் 660 சிவப்பு சேர்ந்த விளக்கு என் தேர்வு. நாற்று மட்டும்தான் என்றால் 5000, 6500 கூடச் சரிதான், குட்டையாக நிற்கும். சிவப்பு லெட்யூஸ் வளர்க்கிறவர்கள் நீலம் கூடுதலாக உள்ளதை எடுங்கள். இலைக்குச் சிவப்பு தரும் ஆந்தோசயனின் நிறமி ஊற நீலமோ புற ஊதாவோ வேண்டும், வெறும் சிவப்பில் அது பச்சையாகவே நின்றுவிடும்.

ஊதா விளக்கு வேலை செய்யாது என்று நான் சொல்லவில்லை. சிவப்பும் நீலமும் மட்டும் கலந்த அந்த ஒளியில் செடி வளரும். ஆனால் இலை மஞ்சளாகிறதா, பூச்சி இருக்கிறதா, பூஞ்சை படிகிறதா என்று உங்கள் கண்ணுக்குத் தெரியாது. எல்லாம் ஒரே கறுப்பு நிறமாகத் தெரியும். அந்த அறையில் உட்கார்ந்து வேறு வேலை பார்க்கவும் முடியாது. தூரச்சிவப்பு எல்.ஈ.டி சேர்த்த விளக்கானால் அதற்குத் தனி சுவிட்ச் இருக்கிறதா என்று பாருங்கள். இலைகளை அகலமாக்கிக் கூடுதல் ஒளியைப் பிடிக்கவைக்க அது லெட்யூஸுக்கு உதவலாம். நாற்றுப் பருவத்தில் அணைத்தே வையுங்கள்.

4. இந்தத் தாள்களைக் கேட்டு வாங்குங்கள்

விற்பவரிடம் தரவுத்தாள் கேளுங்கள். இல்லை என்றால் அந்த விளக்கே வேண்டாம், அடுத்ததைப் பாருங்கள். தாளில் தேட வேண்டியவை:

உண்மையான மின் நுகர்வு. சுவர் பிளக்கில் அது இழுக்கும் வாட். "1000 வாட்டுக்கு இணை" என்று கொட்டை எழுத்தில் போட்டு, உண்மையான வாட்டைப் பொடி எழுத்தில் ஒளித்து வைப்பது இந்தத் தொழிலின் பழைய வித்தை. என் கைக்கு வந்த ஒரு விளக்கின் பெட்டியில் 1000 என்று இருந்தது. பிளக்கில் வாட் மீட்டர் செருகிப் பார்த்தால் 100-ஐக்கூடத் தொடவில்லை.

மொத்த ஃபோட்டான் வெளியீடு. பிபிஎஃப் என்று போட்டிருப்பார்கள், அலகு ஒரு நொடிக்கு மைக்ரோமோல். இதை உண்மையான வாட்டால் வகுத்தால் ஒரு ஜூலுக்கு (ஒரு வாட் ஒரு நொடியில் செலவாக்கும் ஆற்றல்) எத்தனை மைக்ரோமோல் என்ற திறன் வரும். நல்ல விளக்குகள் 2.4-க்கு மேல் போகும், உயர்தரமானவை 3-ஐத் தாண்டும். ஆழ்ந்த சிவப்பில் ஒரு ஜூலுக்கு 5.5-க்கு மேல் போக இயற்பியலே இடம் தராது. 6, 7 என்று போட்டிருந்தால் புன்னகையோடு வைத்துவிட்டு வாருங்கள்.

லூமென், லக்ஸ் மட்டும் இருந்தால் அது மனிதக் கண்ணுக்கான அளவு. கண்ணுக்கு 555 நானோமீட்டர் பச்சைதான் மிகவும் பிரகாசம், 660 சிவப்பு மங்கல். செடிக்குக் கணக்கு வேறு. ஆனாலும் வெள்ளை எல்.ஈ.டிக்கு மட்டும் ஒரு குறுக்கு வழி உண்டு. லூமெனை 70-ஆல் வகுத்தால் தோராயமான மைக்ரோமோல் கிடைக்கும். 900 லூமென் வீட்டு பல்ப் சுமார் 13 மைக்ரோமோல் தரும். மேசை மேல் ஒரேயொரு சின்னத் தொட்டி என்றால் அதுவே போதும்.

நிறமாலை வரைபடம். 400 முதல் 750 வரை வளைவு எப்படி ஏறி இறங்குகிறது என்று காட்டும் படம். "முழு நிறமாலை" என்று பெட்டியில் எழுதியிருப்பது எந்த வரையறைக்கும் கட்டுப்பட்டதல்ல, படம்தான் பேச வேண்டும்.

பிபிஎஃப்டி கட்டப் படம். இன்ன உயரத்தில், இன்ன பரப்பில், ஒவ்வொரு கட்டத்திலும் எவ்வளவு விழுகிறது என்பது. நடுப்புள்ளியின் எண்ணை மட்டும் போட்டிருந்தால் ஏமாறாதீர்கள். நடுவில் 600, மூலையில் 90 என்றால் மூலைச் செடிகள் பாவம்.

இதோடு எல்எம்-79 சோதனை அறிக்கை இருந்தால் மேலே சொன்ன எண்கள் ஆய்வுக்கூடத்தில் அளந்தவை என்று அர்த்தம். எல்எம்-80 என்பது எல்.ஈ.டி காலப்போக்கில் எவ்வளவு மங்குகிறது என்பதற்கானது. ஆயுளைப் பெரும்பாலும் கியூ90 என்று தருவார்கள், ஒளி 90 சதவீதமாக இறங்கும்வரை எத்தனை மணி நேரம் என்பது. தினம் 16 மணி நேரம் எரித்தால் ஆண்டுக்கு 5840 மணி நேரம் ஓடும். 36,000 மணி நேரம் என்றால் ஆறு ஆண்டு. எல்70 என்று போட்டிருந்தால் அது 70 சதவீதமாக மங்கும்வரையிலான கணக்கு, இரண்டையும் ஒப்பிடாதீர்கள்.

தண்ணீர் தெளிக்கும் இடம் என்பதால் ஐபி65 தரம், அதாவது தூசும் தண்ணீர்ப் பீச்சலும் உள்ளே போகாத தரம், கேளுங்கள். உத்தரவாதம் எல்.ஈ.டிக்கு மட்டுமா, அதற்கு மின்சாரத்தைச் சீராக்கித் தரும் டிரைவருக்கும் சேர்த்தா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். முதலில் போவது பெரும்பாலும் டிரைவர்தான்.

5. செலவை வாங்கும் முன்பே போட்டுப் பாருங்கள்

60 செ.மீ-க்கு 60 செ.மீ தட்டு. பரப்பு 0.36 சதுர மீட்டர். கீரைக்கு 200 மைக்ரோமோல் வேண்டும் என்றால் 0.36 × 200, அதாவது நொடிக்கு 72 மைக்ரோமோல் இலை மேல் விழ வேண்டும். விளக்கிலிருந்து கிளம்புவதில் கால்வாசி ஓரங்களில் சிதறிப்போகும் என்று வைத்தால் 96 தேவை. ஒரு ஜூலுக்கு 2.4 தரும் விளக்கானால் 40 வாட். தினம் 16 மணி நேரம் எரித்தால் 0.64 யூனிட், 30 நாளுக்கு 19 யூனிட்டுக்குச் சற்று மேல்.

இதே ஒளியை 1.4 மட்டும் தரும் மலிவு விளக்கில் எடுத்தால் 69 வாட் வேண்டும், மாதம் 33 யூனிட். வித்தியாசம் மாதத்துக்கு 14 யூனிட். உங்கள் யூனிட் கட்டணத்தால் பெருக்கி, விலை வித்தியாசத்தை அதால் வகுத்தால் எத்தனை மாதத்தில் போட்ட பணம் திரும்பும் என்று தெரிந்துவிடும். ஆண்டுக்கு ஒரு பருவம் மட்டும் நாற்று விடுகிறவருக்கு மலிவு விளக்கே லாபமாக இருக்கலாம். ஆண்டு முழுவதும் கீரை என்றால் நல்லதை வாங்குங்கள்.

இன்னொரு சிக்கனம்: குறைவான ஒளியை நெடுநேரம் கொடுப்பதும், கூடுதல் ஒளியைக் குறைந்த நேரம் கொடுப்பதும் டிஎல்ஐ கணக்கில் ஒன்றே. மின் செலவிலும் வித்தியாசமில்லை. ஆனால் முதலாவதற்குச் சின்ன விளக்கு போதும், வாங்கும் செலவு குறையும். ஓரங்களில் சிதறும் ஒளியைப் பிடிக்க பளபளப்பில்லாத வெள்ளைப் பெயின்ட் அடித்த அட்டைகளைச் சுற்றி நிறுத்துங்கள். கசங்கிய அலுமினியத் தாளைவிட அது சீராகத் திருப்பி அனுப்பும்.

வாட் மீட்டர், டைமர், தொங்கவிடும் கயிறு, சின்ன மின்விசிறி ஆகியவற்றையும் பட்ஜெட்டில் சேர்த்துவிடுங்கள். பலர் மறப்பது இவற்றைத்தான்.

6. மாட்டுங்கள், அளந்து பாருங்கள்

பலகை விளக்கை நாற்றுக்கு மேல் 30 முதல் 45 செ.மீ உயரத்தில் தொடங்குங்கள். குழல் விளக்கானால் 15 முதல் 20 செ.மீ. சின்ன பல்பில் தூரத்தைப் பாதியாக்கினால் ஒளி நான்கு மடங்கு வரை ஏறும். அகலமான பலகையில் அவ்வளவு ஏறாது. ஏற்றி இறக்க வசதியாகக் கயிற்றிலோ சங்கிலியிலோ தொங்கவிடுங்கள். செடி வளரும், விளக்கும் அதோடு மேலே போக வேண்டும்.

பிபிஎஃப்டி அளக்கும் கருவி விலை அதிகம். வெள்ளை விளக்குக்கு லக்ஸ் மீட்டரோ கைபேசிச் செயலியோ வைத்து, லக்ஸை 70-ஆல் வகுத்துக்கொள்ளலாம். வெயிலில் அளந்தால் 54-ஆல் வகுக்க வேண்டும். கைபேசி உணர்விகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போவதில்லை, ஆகவே எண்ணைத் தோராயமாக எடுத்துக்கொண்டு நடுவுக்கும் மூலைக்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். அதற்கு அது தாராளமாகப் போதும். மூலையில் நடுவின் மூன்றில் இரண்டு பங்காவது வரும்வரை உயரத்தைச் சரிசெய்யுங்கள். ஊதா விளக்குக்கு லக்ஸ் கணக்கு உதவவே உதவாது.

7. நேரத்தை டைமரிடம் விடுங்கள்

கையால் போட்டு அணைப்பது மூன்றாம் வாரத்தில் நின்றுவிடும். டைமர் வாங்குங்கள்.

நாற்றுக்கும் பெரும்பாலான கீரைக்கும் 14 முதல் 16 மணி நேரம் ஒளி, மீதி இருட்டு. 24 மணி நேரமும் எரித்தால் இன்னும் வேகமாக வளருமே என்ற ஆசை வரும். தக்காளியில் அதைச் செய்தால் இலை மஞ்சள் திட்டுத் திட்டாகிச் சேதமாகும்.

பூக்கும் செடிகளுக்கு நேரம் இன்னும் கறாரானது. சாமந்தியும் பாயின்செட்டியாவும் நீண்ட இரவு வந்தால்தான் பூப்பவை. இவை அளப்பது இரவின் நீளத்தை. பாயின்செட்டியாவுக்குத் தினமும் சுமார் 14 மணி நேரம் இடைவெளியில்லாத இருட்டு, அதுவும் எட்டுப் பத்து வாரம் வேண்டும். நள்ளிரவில் யாராவது எழுந்து வந்து அறை விளக்கைப் போட்டுவிட்டுப் போனால் கணக்குக் குலைந்துவிடும். ஃபைட்டோகுரோமுக்கு அந்தச் சிவப்புப் பகுதியே போதும், இரவு இரண்டாக வெட்டுப்பட்டதாக எடுத்துக்கொள்ளும். சன்னல் வழியே தெரு விளக்கு வருகிறதா என்றும் பாருங்கள். சாமந்தி வளர்க்கும் தோட்டங்களில் பூப்பதைத் தள்ளிப்போட வேண்டுமென்றே நள்ளிரவில் விளக்குப் போடுகிறார்கள், அதே தத்துவம்தான்.

இதற்கு நேர்மாறு ஸ்பினாச். பகல் நீண்டால் பூந்தண்டு விட்டுவிடும், இலை கிடைக்காது. அதற்கு 10, 12 மணி நேரத்தோடு நிறுத்தி, ஒளியைக் கூட்டிக் கொடுங்கள்.

8. செடியைப் பார்த்துத் திருத்துங்கள்

எதை மாற்றினாலும் புதிதாக வரும் இலையைப் பாருங்கள். மங்கலான ஒளியில் விரிந்த பழைய இலை, பிறகு எவ்வளவு ஒளி கொடுத்தாலும் முழுக்க மாறாது. ஒரு மாற்றம் செய்தால் ஒரு வாரம் பொறுங்கள். விளக்கை இறக்கி, நேரத்தைக் கூட்டி, உரத்தையும் போட்டால் எது வேலை செய்தது என்று யாருக்கும் தெரியாது.

தண்டு நீண்டு வெளிறினால் ஒளி குறைவு, அல்லது நெருக்கம், அல்லது அறையில் சூடு அதிகம். மூன்றாவதைப் பலரும் யோசிப்பதில்லை; வெதுவெதுப்பான அறையில் மங்கலான ஒளி நாற்றை நீட்டிவிடும். மின்விசிறிக் காற்றில் லேசாக ஆடவிட்டால் தண்டு தடிக்கும். நுனி இலைகள் வெளுத்தோ குவிந்தோ போனால் விளக்கை உயர்த்துங்கள். தக்காளி இலையின் அடியில் சின்னச் சின்னக் கொப்புளங்கள் வந்தால் மருந்தடிக்க ஓடாதீர்கள். புற ஊதாவும் நீலமும் குறைந்த எல்.ஈ.டி ஒளியில் சில ரகங்களுக்கு வரும் கோளாறு அது, தொற்றிப் பரவாது. நீலம் கூடிய வெள்ளைக்கு மாற்றினால் பெரும்பாலும் குறையும்.

செடி ஒரு பக்கம் சாய்ந்தால் தொட்டியைத் திருப்பிக்கொண்டே இருப்பதைவிட, பக்கத்து சன்னலின் வெளிச்சத்தைத் திரையால் மறைப்பது எளிது.

9. வெளியே வைக்கும் முன் பழக்குங்கள்

விளக்கில் தளதளவென்று வளர்ந்த நாற்றை நேராக வெயிலில் வைத்தால் ஒரே நாளில் இலை வெள்ளைத் திட்டாகக் கருகும். உச்சி வெயில் 2000 மைக்ரோமோலைத் தொடும், உங்கள் தட்டு பார்த்ததோ 200. அதோடு வெள்ளை எல்.ஈ.டியில் புற ஊதா கிடையாது, சன்னல் கண்ணாடியும் புற ஊதாவில் புற ஊதா-பி என்ற பகுதியைத் தடுத்துவிடும். ஆகவே அதைத் தாங்கும் நிறமிகளை அந்த இலைகள் சேர்த்தே வைக்கவில்லை.

முதல் நாள் திறந்தவெளி நிழலில் ஒரு மணி நேரம், அப்புறம் நாளுக்கு நாள் கூட்டி, காலை இளவெயிலில் சில மணி நேரம் என்று 7 முதல் 10 நாள் எடுத்துக்கொள்ளுங்கள். நடவு தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணி இந்த நாட்களை ஒதுக்கிவிட்டு, அதற்கும் முன்னால் விதைப்பைத் தொடங்குங்கள். வெளியே காற்றில் தொட்டி சீக்கிரம் காயும், காலை மாலை இருவேளையும் மண்ணைத் தொட்டுப் பாருங்கள். கொஞ்சம் கருகிய இலைகளைக் கிள்ள வேண்டாம். மிச்சமிருக்கும் பச்சை, புது இலை விரியும்வரை செடிக்கு உதவும்.